ஐந்தாவது தகடு

எனக்குச் சீக்கிரம் கோபம் வரும். எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, வேதியியல் துறை எந்த மாடியில் இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். நான் மறுப்பதில்லை. எடை பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்விசிறியைப் போடுகிறவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தெரியாது. இந்தக் கோபத்தை இத்தனை வருஷமாக ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் ஆய்வக உதவியாளர்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மேடம் என்பார். நான் கத்தினால் முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, "சரி மேடம், இப்ப என்ன செய்யணும்?" என்பார். கத்தினவளுக்கு அதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது?

தகடுகள் வந்தது பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு. கடற்காற்று இரும்பை எந்த வேகத்தில் தின்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு சின்ன ஆய்வுத் திட்டம் கிடைத்தது. துறைமுகத்தை ஒட்டிய பழைய படகுத்துறை ஒன்றில் அனுமதி வாங்கி, ஒரு மரச்சட்டம் நட்டு, உள்ளங்கை அகலத்தில் நான்கு இரும்புத் தகடுகளைக் கடலைப் பார்த்து மாட்டினோம். மாதக் கடைசியில் நான்கையும் கழற்றி, துருவை அமிலத்தில் கரைத்து நீக்கி, எடை பார்க்க வேண்டும். மாட்டும்போது இருந்த எடைக்கும் இப்போது இருக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் கடல் தின்றது. பிறகு புதிதாக நான்கு தகடுகள். வேலை இவ்வளவுதான். கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும்.

திட்டத்துக்கான பணம் மூன்றாவது வருஷமே தீர்ந்துபோனது. தகடு மாட்டுவது மட்டும் நிற்கவில்லை. அண்ணாச்சி பட்டறையில் கழிவு இரும்பை வாங்கி அளவாக வெட்டிக்கொண்டு வந்துவிடுவார். முதலில் இரண்டு பேருமாகப் போய்க்கொண்டிருந்தோம். பிறகு வகுப்பு, தேர்வு, என் முழங்கால் வலி என்று ஏதோ ஒன்று வந்து, அவர் மட்டுமே போகும்படி ஆயிற்று. கையுறை போடாமல் ஒரு தகட்டைத் தொட்டதில்லை. எடை பார்ப்பதற்கு முன் மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, தராசின் கண்ணாடிக் கதவை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எடையை நீளமான நோட்டில் எழுதுவார். கடைசிப் பத்தி குறிப்புக்கானது. 'நிலக்கரி இறக்கினார்கள், தகட்டில் கருப்பு படிந்தது' என்றும், 'இரண்டு நாள் வாடைக்காற்று' என்றும், 'ஒரு காக்கா எச்சம், மூன்றாம் நம்பர்' என்றும் அவருடைய குண்டு எழுத்தில் இருக்கும். ஒரு காக்காகூடத் தப்பவில்லை என்று நான் பெருமையடித்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆய்வகத்திலும் பூஜை உண்டு. அண்ணாச்சியும் மற்ற உதவியாளர்களும் சேர்ந்து செய்வார்கள். எனக்குச் சொந்த ஊர் நாசரேத். தாத்தா காலத்திலிருந்தே மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம். அந்த விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலமே நான் ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன். திரும்பி வந்தால் என் மேஜையில் ஒரு பொரிப் பொட்டலம் இருக்கும். பொரி, கடலை, வெல்லம், இரண்டு துண்டு தேங்காய். படைத்ததைச் சாப்பிடாமல் வளர்ந்தவள் நான். வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல மனம் வராது. எனவே, "ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி" என்று சிரித்து எடுத்து வைத்துக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். வருஷா வருஷம் இதுதான். இதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கிருந்தோ எங்கள் நோட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு விஞ்ஞானி எனக்கு எழுதினார். பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பவர். உலோகம் எப்போது எப்படித் தேயும் என்பதைக் கணினிக்குப் படிப்பித்து, அதன் வாயாலேயே சொல்ல வைப்பது அவர் வேலை. கடலோரத்தில் இவ்வளவு வருஷம் விடாமல் எடுத்த எடை தான் பார்த்தவரையில் வேறெங்கும் இல்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் நான்கு பேருக்காவது வாசித்துக் காட்டியிருப்பேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒருத்திக்கு இப்படி ஒரு கடிதம் வருவது சின்ன விஷயமா? நோட்டுகளை எல்லாம் தட்டச்சு செய்து அனுப்பினேன். அதன் தொடர்ச்சியாகத்தான் போன வருஷம் ஜூலையில் எங்கள் கல்லூரியிலேயே இரண்டு நாள் மாநாடு ஏற்பாடாயிற்று. வாசலில் 'பொருளறிவியலில் இயந்திரக் கற்றல்' என்று துணிப்பதாகை.

அதை அண்ணாந்து பார்த்துவிட்டு அண்ணாச்சி என்னிடம் விளக்கம் கேட்டார். இதுவரை நடந்ததை எல்லாம் காட்டினால் இனி நடக்கப்போவதை இயந்திரம் சொல்லும் என்றேன். ஜோசியக்காரன் மாதிரியா என்றார். ஜோசியக்காரனுக்கு நாம் காட்டுவது கட்டம், இதற்குக் காட்டுவது உண்மையாக நடந்தது, அதனால் தப்பாது என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலி போடப் போய்விட்டார்.

முதல் நாள் பேசியவர்களில் இரண்டு பேரை மறக்க முடியாது. ஓர் அம்மாள் முத்துச்சிப்பியின் ஓட்டைக் குறுக்கே வெட்டித் திரையில் காட்டினார். உள்ளே மெல்லிய ஏடுகள் செங்கல் அடுக்கினதுபோல் அடுக்கடுக்காக இருந்தன. சுண்ணாம்புதான், ஆனால் சுண்ணாம்பைப்போல் உடையாது. அந்த அடுக்கை எத்தனையோ விதமாக மாற்றி மாற்றி இயந்திரத்திடம் கேட்டு, விரிசல் ஓடாத பீங்கான் செய்யப் பார்க்கிறார்களாம். சபையில் பாதிப்பேர் வீட்டு ஷோகேஸில் அந்தச் சிப்பி தூசி படிந்து கிடக்கிறது. தேநீர் இடைவேளையில் மக்ரூனைக் கடித்துக்கொண்டே எங்கள் பொருளியல் பேராசிரியர், இனிமேல் அதைத் துடைத்து வைக்க வேண்டும் என்றார்.

இன்னொருவர் உலோகக் கலவை ஆசாமி. ஒல்லியாக, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார். யாருமே செய்து பார்க்காத ஒரு கலவையை இயந்திரம் சொன்னதாம். ஆசையாக உருக்கி வார்த்தார்களாம். ஆறினதும் அது அப்பளம்போல் நொறுங்கிவிட்டதாம். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காரணம் தேடிப் பார்த்தால், அதே மாதிரிக் கலவை முன்பும் நாலைந்து இடத்தில் நொறுங்கித்தான் இருக்கிறது. ஆனால் தோற்றதை யாரும் எழுதி வெளியிடவில்லை. இயந்திரத்துக்கு ஜெயித்தவை மட்டுமே தெரியும். நாம் எழுதாமல் விட்டதை அதுவாகக் கண்டுபிடிக்க அதற்கு வழியில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போயிற்று. எழுதாமல் விடுகிறவர்களைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

இரண்டாம் நாள் எங்கள் தகடுகளின் நாள். காலையில் அந்த விஞ்ஞானி பேசுகிறார். மத்தியானம் நான் பேசுகிறேன். நிறைவு விழாவில் அண்ணாச்சிக்குப் பொன்னாடை. பொன்னாடை என் ஏற்பாடு. அதற்காக முதல்வரிடம் இரண்டு முறை சண்டை போட்டேன். அண்ணாச்சி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களும், படகுத்துறைகளைப் பராமரிக்கிற பொறியாளர்கள் சிலரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

விஞ்ஞானி திரையில் ஒரு கோட்டை வரைந்து காட்டினார். பன்னிரண்டு வருஷத்து எடை. கோடு மேடும் பள்ளமுமாகப் போயிற்று. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, ஒரு பெரிய பள்ளம். அந்த மாதத்தில் மட்டும் துரு பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்தப் பள்ளம் வருஷா வருஷம் ஒரே மாதத்தில் விழவில்லை, முன்னேபின்னே நகர்கிறது. மேல்காற்று அடங்கி வாடை தொடங்குவதற்கு முன் சில நாள் காற்று சும்மா கிடக்குமே, அந்த இடைவெளியோடு இயந்திரம் அதை முடிச்சுப் போட்டிருந்தது. காற்றில் உப்பு குறைகிறது, இரும்பு ஓய்வெடுக்கிறது என்று அவர் விளக்கினார். அப்படியானால் படகுத்துறையின் கைப்பிடிகளுக்கும் ஏணிகளுக்கும் இப்போது அடிப்பதுபோல் மழைக்கு முன்பே வண்ணம் அடிக்க வேண்டியதில்லை, இந்த ஓய்வு முடியும்வரை தள்ளிப்போடலாம் என்றார். முன்வரிசைப் பொறியாளர்கள் எழுதிக்கொண்டார்கள். மாலையில் அதையே மாநாட்டின் பரிந்துரையாக வாசிப்பதாக ஏற்பாடு.

ஒரே ஒரு வருஷத்தில் மட்டும் பள்ளம் இல்லை. அவர் அதையும் மறைக்கவில்லை. அந்த வருஷம் எடை பார்த்ததில் பிழை இருக்கலாம் என்று கருதி ஒதுக்கி வைத்துவிட்டதாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணாச்சியின் எடையில் பிழையா? திரும்பிப் பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் முழுதாகப் புரியாது, ஆனால் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் இடைவேளையில் அவரைத் தேடிப் போனேன். வராந்தாவில் தம்ளரோடு நின்றிருந்தார். அந்தக் கோடு என்ன, பள்ளம் என்ன, காற்று என்ன என்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். எவ்வளவு பெரிய விஷயத்தை நம் தகடு சொல்லியிருக்கிறது பார்த்தீர்களா என்று சொல்லும்போது என் குரலே எனக்குக் கொஞ்சம் ஓவராகத்தான் இருந்தது. அவர் தம்ளரைக் கைப்பிடிச்சுவர்மேல் வைத்தார்.

"அது காத்து இல்ல மேடம். ஆயுத பூசைக்கு நாந்தான் எண்ணெ தடவுதேன்."

என்ன எண்ணெய் என்று கேட்டேனா, எதற்கு என்று கேட்டேனா, நினைவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். பூஜைக்கு ஆய்வகத்துச் சாமானை எல்லாம் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். தராசுக்கு, அடுப்புக்கு, அமில அலமாரிக்கு எல்லாம் உண்டு. தகடுகள் அங்கே தனியாகக் கடற்கரையில் நிற்கின்றன. அவற்றை மட்டும் விட்டுவிட மனம் கேட்காது. அதனால் ஆய்வகத்து வேலை முடிந்ததும் படகுத்துறைக்குப் போய், நான்கு தகட்டையும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு வருவார். மறுநாள் போய்ப் பொட்டை அழித்து, எண்ணெயையும் உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுவார். துடைத்துவிட்டதால் ஒன்றும் ஆகாது என்பது அவர் நினைப்பு. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற எண்ணெய்ப் படலம் அந்த மாதம் முழுக்க உப்பை அண்டவிடாது என்பதை நான் அவருக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரும் என்று யார் கண்டது?

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். தகட்டைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கையால தொடலியே மேடம். உறை போட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்."

காக்கா எச்சத்தை எழுதத் தெரிந்தது, இதை ஏன் நோட்டில் எழுதவில்லை என்று கேட்டேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "அது காலண்டர்லயே போட்டிருக்குல்லா" என்றார்.

காலண்டரில் இருக்கத்தான் செய்தது. சிவப்பு எழுத்தில். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத்தான் நான் வருஷா வருஷம் நாசரேத்துக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். பூஜை நாள் பிறையைப் பார்த்து நகர்வதுபோல் பள்ளமும் நகர்ந்திருக்கிறது. அது காற்றின் நகர்வு என்று ஓர் இயந்திரமும் நான்கு முனைவர்களும் நம்பியிருக்கிறோம்.

அடுத்த பத்து நிமிஷம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். சொன்னால் இரண்டாம் கட்டப் பணம் போகும். விஞ்ஞானியோடு சேர்ந்து எழுதி அனுப்பியிருந்த கட்டுரையில் என் பெயர் இருக்கிறது, அதுவும் போகும். பன்னிரண்டு வருஷமும் தேங்காயெண்ணெய்ச் சிரிப்பாகிவிடும். அதைவிட, பொன்னாடை போர்த்த வரவழைத்த மனுஷரைச் சபை முன்னால் கோமாளியாக நிறுத்த வேண்டிவரும். சொல்லாவிட்டால்? வண்ணம் அடிப்பது தள்ளிப்போகும், மழை பிடித்துவிட்டால் அடிக்கவும் முடியாது, ஏணியின் படிகள் மழைக்காலம் முழுக்க வெறும் இரும்பாக நிற்கும். துரு தின்ற படி ஒன்று காலடியில் முறிந்து ஒரு படகுக்காரர் இடுப்பை உடைத்துக்கொண்டதை அதே துறையில் நானே பார்த்திருக்கிறேன். அவருக்கும் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் எனக்குள் யாரோ கேட்டார்கள். அந்த யாரோவும் நான்தான்.

வெளியே வந்தபோது அண்ணாச்சி அங்கேயே நின்றிருந்தார். நான் கைகழுவப் போன நேரத்தில் அவர் யோசித்து முடித்திருந்தார்.

"நீங்க சொல்லிருங்க மேடம். எம்பேரையே சொல்லுங்க. தப்பான எடை நம்ம நோட்டுல இருந்து போவக்கூடாது."

மத்தியானம் என் முறை வந்தது. தயாரித்து வைத்திருந்த இருபது பக்கத்தையும் மேஜையில் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்த பள்ளம் காற்றினால் வந்தது அல்ல என்று தொடங்கினேன். வருஷத்தில் ஒரு நாள் எங்கள் தகடுகளுக்கு எண்ணெய் பூசப்பட்டிருக்கிறது, அது நோட்டில் பதிவாகவில்லை, பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவள் நான், நான் பார்க்கவில்லை, பரிந்துரையைத் தயவுசெய்து வாசிக்க வேண்டாம் என்றேன். அண்ணாச்சியின் பெயரைச் சொல்லவில்லை. அவர் சொல்லச் சொன்னார்தான், எனக்கு வாய் வரவில்லை.

சபையில் யாரோ, எதற்காக எண்ணெய் பூசினீர்கள் என்று கேட்டார். ஆயுத பூஜை என்று சொன்னேன். சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்வரிசைவரை வந்தது. பணம் கொடுக்க வந்தவர்களில் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சமயம் கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது.

சிரிப்பு நின்றது. விஞ்ஞானி மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. காலையில் அவர் வரைந்த கோடு அவர் கண்முன்னே இடிந்துகொண்டிருந்தது, பாவம். ஆனால் அவர் ஒலிவாங்கியை அண்ணாச்சியிடம் கொண்டுபோகச் சொன்னார். மதுரைப் பக்கத்துத் தமிழில் நேராகவே கேட்டார். நான்கு தகட்டுக்கும் பூசுவீர்களா? ஆமாம். எல்லா வருஷமும் அதே எண்ணெயா? ஆமாம், தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய். ஏதாவது ஒரு வருஷம் பூசாமல் விட்டதுண்டா?

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு வருசம் விட்டுப்போச்சு சார். எங்க அம்மா தவறுன வருசம். வீட்ல சாவுன்னா அந்த வருசம் பூசை கிடையாது. வேலைக்கு மட்டும் வந்தேன்."

எந்த வருஷம் என்று கேட்டார். அண்ணாச்சி சொன்னார். விஞ்ஞானி தன் கணினியைத் திறந்து காலையில் காட்டிய கோட்டைத் திரும்பவும் திரையில் போட்டார். பள்ளமே இல்லாத அந்த ஒரு வருஷம். பிழை என்று ஒதுக்கி வைத்த வருஷம். பன்னிரண்டில் அது ஒன்றுதான் சரியாக இருந்திருக்கிறது. தாயைப் பறிகொடுத்த வருஷத்திலும் மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, மூச்சைப் பிடித்து நின்று அவர் பார்த்த எடை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரிகள் அழுதால் பார்க்கிறவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. முதல்வர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நெற்றியில் கண்ணாடி வைத்த கலவை ஆசாமி எழுந்து, இந்த மாநாட்டில் தான் கேட்டவற்றிலேயே உருப்படியான பேச்சு இதுதான் என்றார். அது என்னைத் தேற்றுவதற்காகவும் இருக்கலாம். பரிந்துரை வாசிக்கப்படவில்லை. பொன்னாடையைப் போர்த்துவதா வேண்டாமா என்று மேடையில் சின்னக் குழப்பம் நடந்தது. கடைசியில் விஞ்ஞானியே எடுத்துப் போர்த்தினார். அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு, கீழே இறங்கியதும் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் பயந்தது பாதி நடந்தது. இரண்டாம் கட்டத் திட்டம் எங்களுக்கு வரவில்லை, வடக்கே வேறொரு கல்லூரிக்குப் போயிற்று. கட்டுரையைத் திரும்ப வாங்கினோம். விஞ்ஞானி பதினோரு வருஷத்துப் பூஜை மாதங்களையும் நீக்கிவிட்டு மறுபடி இயந்திரத்துக்குக் கொடுத்தார். அக்டோபரில் கோடு சமமாக ஓடியது. இரும்பு எந்த மாதத்திலும் ஓய்வெடுக்கவில்லை. அதை அவர் எனக்கு ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தார். கீழே, உங்கள் அண்ணாச்சியை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றிருந்தது.

அந்த அக்டோபரில் ஆயுத பூஜை நெருங்கியபோது அண்ணாச்சி என் அறை வாசலில் வந்து நின்றார். ஏதோ கேட்க வேண்டும், தயங்குகிறார் என்று தெரிந்தது. தகடுகளுக்கு இனி எண்ணெய் கிடையாது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவற்றை அப்படியே விடவும் அவரால் முடியவில்லை. ஐந்தாவதாக ஒரு தகடு மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். எடை பார்க்கிற நான்கையும் தொடவே மாட்டார், பூஜை அதற்கு மட்டும். அதையும் எடை பார்ப்போம் என்றேன். எண்ணெய் பூசியது எவ்வளவு தேய்கிறது, பூசாதது எவ்வளவு தேய்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் தெரியுமே. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே இப்படி ஒரு தகடு வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த வருஷம் நான் நாசரேத் போகவில்லை. பூஜை அன்று படகுத்துறைக்கு அவரோடு போனேன். சட்டத்தில் நான்கு தகடுகள் வெறுமனே நின்றன. தள்ளி, ஓரமாக ஐந்தாவது. கையுறை போட்டுக்கொண்டு அதற்கு எண்ணெய் துடைத்தார், சந்தனம் வைத்தார், சூடம் காட்டினார். கடற்காற்றில் சூடம் இரண்டு முறை அணைந்தது. நான் எட்டி நின்று பார்த்துக்கொண்டு, என்ன எண்ணெய், எவ்வளவு நேரம், எந்தத் துணி என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பையில் இரண்டு பொரிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். ஒன்றைச் சூடம் காட்டுவதற்கு முன் தட்டில் வைத்துப் படைத்தார், இன்னொன்றைப் பையிலேயே விட்டார். எல்லாம் முடிந்ததும், இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் இத்தனை வருஷம் கொடுத்த பொரியை நான் சாப்பிட்டதில்லை, வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"தெரியும் மேடம். வாட்ச்மேனே சொல்லிட்டான்" என்றார் அவர். பிறகு பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "ஆனா உங்களுக்கு உள்ளத நான் சாமிக்கு வைக்கதுக்கு முன்னாலயே எடுத்து வச்சிருவேன். நீங்க வேதக்காரங்கல்லா. மொத வருசத்துல இருந்தே அப்படித்தான்."

நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். பூஜையில் என்னென்ன செய்வீர்கள் என்று, இது படைத்ததா என்று. அந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பன்னிரண்டு வருஷமாக நேரம் இல்லை.

பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே மரச்சட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உப்புக்காற்றில் பொரி நமத்துப்போயிருந்தது. ஒன்று விடாமல் தின்றேன்.